ஒரு ரூம், ரெண்டு மீட்டிங், ஒரு உதவாக்கரை ஸ்கிரிப்ட்

ரூம் கதவைத் திறந்தா உள்ளே இன்னொரு கூட்டம். ரெண்டு தரப்பும் "எங்களுக்குத்தான் புக்கிங்"னு போனை நீட்டுது. உடனே அட்மினுக்கு ஓலை: "ஒரு ஸ்கிரிப்ட் போட்டு டபுள் புக்கிங் எல்லாத்தையும் எடுத்துக் கொடுங்க."

ஏங்க, எக்ஸ்சேஞ்ச்ல (மைக்ரோசாஃப்டோட மெயில்-காலண்டர் சர்வர்) அந்த ரூமுக்குன்னு இருக்குற மெயில்பாக்ஸ்ல, அழைப்பைத் தானா ஏத்துக்கிற ஆட்டோஅக்செப்ட் போட்டு, மோதலை அனுமதிக்கிற அலவ்கான்ஃப்ளிக்ட்ஸை ஃபால்ஸ்ல விட்டிருந்தா ரெண்டாவது அழைப்பை சர்வரே திருப்பி அனுப்பியிருக்குமே! யாரோ ஒரு பெரியவர் கேட்டார்னு அதை ட்ரூ ஆக்கினது யாரு? போதாததுக்கு ரூம் காலண்டர்ல நாலு பேருக்கு எடிட்டர் உரிமை வேற. அவங்க அழைப்பே அனுப்பாம நேரா காலண்டர்ல எழுதிடுவாங்க. அழைப்பு வந்தாத்தானே சர்வர் மோதலைப் பார்க்கும்?

சரி, ஸ்கிரிப்டாவது ஒழுங்கா இருக்கா? ஸ்கிரிப்ட் காலண்டரைப் படிக்க மைக்ரோசாஃப்ட் தர்ற கிராஃப் ஏபிஐ-ல ஈவென்ட்ஸ்ங்கிற பட்டியலைக் கூப்பிடுறாங்க. அதுல வாராந்திர மீட்டிங் முழுசுக்கும் ஒரே ஒரு மாஸ்டர் பதிவுதான் வரும். தேதிவாரியா விரிச்சுத் தர்றது காலண்டர்வியூ. அதையும் ஒரு தடவை கூப்பிட்டுட்டு "மோதலே இல்லை"ன்னு ரிப்போர்ட். சும்மா கூப்பிட்டா பக்கத்துக்கு 10 பதிவுதான் வரும் சாமி! அடுத்த பக்கத்துக்கு வழி காட்டுற நெக்ஸ்ட்லிங்க் தீருற வரைக்கும் போகணும்.

அடுத்த கூத்து ஒப்பிடுறதுல. தொடங்குற நேரப்படி அடுக்கிட்டு, ஒவ்வொண்ணையும் அதுக்கு முந்தினதோட மட்டும் பார்க்குறாங்க. 9:00–12:00 ஒண்ணு, 9:30–10:00 ஒண்ணு, 11:00–11:30 ஒண்ணுன்னு வைங்க. மூணாவதுக்கு முந்தினது 10:00 மணிக்கே முடிஞ்சுபோச்சு, அதனால "ஓகே". 12:00 வரைக்கும் ஓடுற முதல் மீட்டிங் கண்ணுக்கே தெரியலை. இதுவரைக்கும் வந்ததுல எது கடைசியா முடியுதோ, அந்த நேரத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒப்பிடணும். புதுசு அதுக்கு முன்னாடி தொடங்கினா மோதல். 10:00-க்கு முடிஞ்சு 10:00-க்குத் தொடங்குறது மோதல் இல்லை. அங்கே 'சின்னது' (<) குறிக்குப் பதிலா 'சின்னது-அல்லது-சமம்' (<=) போட்டு 200 பொய் எச்சரிக்கை அனுப்புற புண்ணியவான்களும் உண்டு.

எல்லாம் சரியா எழுதினாலும் சிக்காத கேஸ் ரெண்டு. ரூமை அழைக்காம, லொகேஷன் கட்டத்துல பேரை மட்டும் டைப் பண்ணிட்டுப் போறவங்க ஒண்ணு. ரூம் காலண்டர்ல அவங்க மீட்டிங்கே இருக்காது. இன்னொண்ணு, தொடர் மீட்டிங்ல கொஞ்சம் மோதலை அனுமதிக்கிற செட்டிங். அதுல தொடரை ஏத்துக்கிட்டு, மோதுற தேதிகளை மட்டும் ரூம் மறுத்துடும். அந்த மறுப்பு மெயிலை யார் படிக்கிறா? ரூம் காலண்டர் சுத்தமா இருக்கும், கதவுகிட்ட சண்டை நடக்கும். இதைப் பிடிக்க ஏற்பாடு பண்ணவங்க காலண்டரையும் படிச்சு, ரூம் என்ன பதில் சொல்லியிருக்குன்னு தேதி தேதியாப் பார்க்கணும். படிக்கிற உரிமை போதும், "எதுக்கும் இருக்கட்டும்"னு மாத்துற உரிமையும் சேர்ந்த ரீட்ரைட் கேட்காதீங்க.

அப்புறம், செட்டிங்கை மாத்திட்டோம்னு கால்மேல கால் போட்டு உட்காராதீங்க. ஏற்கெனவே ஏறின மோதல் அப்படியேதான் கிடக்கும்; அந்த ரெண்டு பேருக்கும் நீங்கதான் போன் போடணும்.