சான்றிதழ் வாங்கினால் புகை குறைந்துவிடுமா?

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் வாங்கிவிட்டால் நிறுவனத்தின் கார்பன் உமிழ்வு முழுவதும் ஈடாகிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது; அதில் திருத்தம் தேவை. இந்தச் சான்றிதழ் ஒன்று என்பது 1 மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட் பசுமை மின்சாரம் உற்பத்தியானதற்கான சான்று. உமிழ்வை ஈடுகட்ட விற்கப்படும் கார்பன் கிரெடிட்டோ, வேறிடத்தில் குறைத்த அல்லது அகற்றிய உமிழ்வுக்கான சான்று; அது டன் கணக்கில் அளக்கப்படுவது. இரண்டும் ஒன்றல்ல. சொந்த டீசல் ஜெனரேட்டரின் புகையைச் சான்றிதழைக் காட்டிக் கழிக்க முடியாது. வாங்கிய மின்சாரத்துக்கு மட்டுமே அது செல்லும்.

அதிலும், நிறுவனங்கள் தங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் பசுங்குடில் வாயு நெறிமுறையின் (GHG Protocol) 2015 வழிகாட்டுதல், வாங்கிய மின்சாரத்துக்கு இரண்டு கணக்கு கேட்கிறது: மின்கட்டமைப்பின் சராசரி உமிழ்வை வைத்து ஒன்று, ஒப்பந்தங்களையும் சான்றிதழ்களையும் வைத்து இன்னொன்று. இரண்டாவதை மட்டும் பெரிதாக விளம்பரப்படுத்தினால் வாசகர் ஏமாந்துதான் போவார்.

என்னை அதிகம் உறுத்துவது நேரக் கணக்கு. நண்பகலில் உற்பத்தியான சூரிய மின்சாரத்தின் சான்றிதழ், இரவு 10 மணிக்கு நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் ஆலைக்கு எப்படிப் பொருந்தும்? ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பொருந்திவிடுகிறது! எப்போதோ கட்டிமுடித்த நீர்மின் நிலையத்தின் மலிவான சான்றிதழை வாங்குவதால் புதிதாக ஒரு காற்றாலை எழுந்துவிடாது. புதிய நிலையத்தோடு நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் போட்டால், அதைக் கட்டுவதற்கான கடன் கிடைப்பதாவது எளிதாகும். கட்டுரையாளர் அதைப் பற்றியும் விரிவாக எழுத வேண்டும்.