லார்ட் லயன் வெறும் அலங்காரப் பதவியா?

குலச்சின்னங்களை (கேடயத்தில் வரையும் மரபுச் சின்னங்களை) வழங்கி, ஒழுங்குபடுத்தும் ஸ்காட்லாந்து அதிகாரிதான் லார்ட் லயன். நண்பர் ஒருவர் சொல்வது: "ஸ்காட்லாந்தின் லார்ட் லயன் வெறும் சடங்குப் பதவி, 1707இல் இங்கிலாந்தோடு இணைந்ததும் லண்டனுக்குக் கீழே போய்விட்டது, ஒரே குடும்பப்பெயர் இருந்தால் அந்தக் குலச்சின்னத்தை யாரும் போட்டுக்கொள்ளலாம்." மூன்றுமே தவறு.

லண்டனில் இருப்பது இங்கிலாந்தின் குலச்சின்ன அலுவலகமான 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்'. அது வேறு அமைப்பு, ஸ்காட்லாந்து அதன் வரம்பில் இல்லை. இணைப்பு ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு, லயனின் வரிசைமுறை மரியாதையை (யாருக்கு முன், யாருக்குப் பின் என்பதை) முடிவு செய்வதைத்தான் அரசியிடம் விட்டது. பதவியை ஒழிக்கவில்லை.

அப்புறம், லயன் ஒரு நீதிபதியும்கூட. எடின்பரோவில் அவருக்கு நீதிமன்றம் உண்டு, வழக்குத் தொடர அதற்கென்றே அரசு வழக்குரைஞர் உண்டு. 1592 சட்டப்படி, அனுமதியில்லாத சின்னம் பொறித்த பொருளைப் பறிமுதல் செய்யலாம், 100 பவுண்டு (அன்றைய ஸ்காட்டிஷ் பவுண்டு) அபராதம் போடலாம். கட்டாவிட்டால் சிறை! 1672 சட்டம் எல்லாச் சின்னங்களுக்கும் ஒரு பொதுப் பதிவேட்டை நிறுவியது. பழங்கதை என்று நினைக்க வேண்டாம்: 2015இல் ஸ்காட்லாந்தின் ஏர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் சின்னம் இந்த விதிகளில் சிக்கியது, கடைசியில் மாற்றவே வேண்டியதாயிற்று.

சரி, குடும்பப்பெயர் விஷயம். ஸ்காட்லாந்தில் சின்னம் ஒரு தனி ஆளுக்குச் சொந்தம், பெயருக்கு அல்ல. குலத்தவர் அணியலாம் என்பது குலத்தலைவரின் முடிச்சின்னத்தை (கேடயத்துக்கு மேலே வரும் உருவத்தை) சுற்றி வார்பட்டையும் கொக்கியும் போட்ட பேட்ஜை மட்டும்தான். சுற்றுலாக் கடையில் "உங்கள் குடும்பச் சின்னம்" என்று விற்கும் கோப்பையை வைத்துச் சட்டம் பேசினால் எப்படி?