மாத்திரை ‘செட் ஆகல’ என்றால் என்ன அர்த்தம்?

சென்னையில் இப்போது எதைக் கேட்டாலும் ‘செட் ஆகல’ என்றுதான் பதில் வருகிறது. வேலை செட் ஆகல, வாடகை வீடு செட் ஆகல, புதுக் கண்ணாடி செட் ஆகல, வரன் செட் ஆகல. நேற்று ஊற்றி வைத்த தயிர்கூட செட் ஆகல. இதில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. பெரம்பூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறவன் என்பதால் அந்த வருத்தம் கொஞ்சம் அதிகம்.

ஆங்கிலம் கலந்துவிட்டதே என்று நான் புலம்ப வரவில்லை. சைதாப்பேட்டையில் வடகறி தொட்டு செட் தோசை சாப்பிடுகிறவரிடம் போய் அதற்கு வேறு பெயர் சொல்லச் சொன்னால் அது அநியாயம். வயலுக்கு பம்ப் செட், ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருமுனையில் மைக் செட், ரங்கநாதன் தெருவில் கம்மலும் நெக்லஸும் சேர்ந்த செட், கோடம்பாக்கத்தில் தச்சரும் பெயிண்டரும் விடிய விடிய வேலை பார்த்துப் போடுகிற சினிமா செட், ஒன்றாகப் படித்து வெளியே வந்தவர்களுக்கு ‘எங்க செட்டு’. இவையெல்லாம் அந்தந்தப் பொருளோடும் பழக்கத்தோடும் வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள். கடைசியில் ஓர் உகரம் சேர்த்து ‘செட்டு’ என்று சொல்ல ஆரம்பித்தபோதே அது நம் சொல்லாகிவிட்டது.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் ஒரு பெரிய ஆள். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்குத்தான். 430 பொருள், அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள். பிற்பாடு ‘ரன்’ அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில், வினையாக மட்டும் அதற்கு 645 பொருள் தேறியது.

‘செட்’ என்பது உண்மையில் இரண்டு வேறு சொற்கள் ஒன்றாய்க் கலந்தது. ஒன்று பழைய ஆங்கிலத்தின் ‘உட்கார வை’ என்ற வினை. இன்னொன்று, ஒருவரைப் பின்பற்றுகிற கூட்டத்தைக் குறித்த லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்தது. செட் தோசையில் இருப்பது இந்த லத்தீன்காரர். சிமெண்ட் செட் ஆவது பழைய ஆங்கிலக்காரர். இதைப் படித்தபோது எனக்குப் புதுப்பேட்டை நினைவுக்கு வந்தது. அங்கே பழைய பார்ட்ஸ் வாங்கி மாட்டுகிற மெக்கானிக், ‘பேரிங் சரியா உக்காரல’ என்பார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, ஆங்கிலேயர் பிடித்த அதே இடத்தை அவரும் பிடித்திருக்கிறார்.

சரி, 430 பொருள் இருந்தும் ஆங்கிலேயருக்கு ஏன் குழப்பம் வரவில்லை? பக்கத்தில் நிற்கிற சொல் காட்டிக்கொடுத்துவிடும். சூரியனோடு வந்தால் மறைவது, சிமெண்ட்டோடு வந்தால் இறுகுவது, அலாரத்தோடு வந்தால் நேரம் குறித்து வைப்பது. நம்மிடம் ‘எடு’ இல்லையா? பசி எடுக்கும், படம் எடுப்பார்கள், மார்க் எடுப்பார்கள், இந்த கலர் உனக்கு நல்லா எடுக்கும். ஒருவருக்கும் சந்தேகம் வராது.

தொல்காப்பியர் இதைச் சொல்லதிகாரத்திலேயே பேசிவிட்டார். பல பொருள் கொண்ட ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்கிறார். கூட வருகிற வினை பொருளைக் காட்டிக்கொடுத்தால் ஒரு வகை, காட்டிக்கொடுக்காவிட்டால் இன்னொரு வகை. உரைகாரர்கள் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் விலங்கு. ஆனால் ‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். அந்த மாதிரி இடத்தில் மாமரம் வீழ்ந்தது என்று விளங்கச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். ‘குறித்தோன் கூற்றம் தெரித்துமொழி கிளவி’ என்பது தொல்காப்பியர் வாக்கு. மனதில் ஒன்றை வைத்துப் பேசுகிறவர்தான் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், கேட்கிறவர் ஊகிக்கட்டும் என்று விடக்கூடாது.

‘செட் ஆகல’ இந்த ‘மா வீழ்ந்தது’ ரகம். ‘ஆகல’ என்பது எதையும் காட்டிக்கொடுக்காது.

கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அம்மா பாதி தீர்ந்த மாத்திரை அட்டையோடு வந்தார். “தம்பி, இது அவருக்கு செட் ஆகல, வேற ஏதாவது குடு” என்றார். பார்த்தால் எனலாப்ரில், ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது. “என்னம்மா பண்ணுது? பிரஷர் இறங்கலியா, இல்ல சாப்பிட்டா ஏதாவது தொந்தரவு வருதா?” என்று கேட்டேன். “அதெல்லாம் தெரியலப்பா, செட் ஆகல.” விடாமல் ஒவ்வொன்றாய்க் கேட்டேன். தலை சுற்றல் இல்லை, வயிற்று எரிச்சல் இல்லை. கிளம்புகிற நேரத்தில்தான், “ராத்திரியெல்லாம் வறட்டு இருமல், அதுக்கும் ஒரு டானிக் குடு” என்றார். விஷயம் அந்த இருமலில்தான் இருந்தது. எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், நன்றாகத் தெரிந்த பக்க விளைவு அது. டானிக் குடித்தாலும் நிற்காது, மருந்தைத்தான் மாற்ற வேண்டும். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். தானாக நிறுத்திவிட்டால் பிரஷர் ஏறிவிடும். எல்லாம் சொல்லி அனுப்பி வைத்தேன்.

என் பாட்டி காலத்தில் இதற்கு இரண்டு சொல் இருந்தது. மருந்து சாப்பிட்டு உடம்புக்கு வேறு ஏதோ செய்தால் ‘ஒத்துக்கல’. மருந்து சாப்பிட்டும் நோய் அடங்காவிட்டால் ‘கேக்கல’. காய்ச்சல் மாத்திரைக்குக் கேக்கல என்பார்கள். எவ்வளவு துல்லியம்! படிப்பறிவு இல்லாத பாட்டி சொன்ன ஒற்றைச் சொல்லிலேயே வைத்தியருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும். இன்றைக்குப் பட்டதாரிகள் சொல்கிற ‘செட் ஆகல’ இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். சிமெண்ட் இறுகும், தயிர் உறையும், எலும்பு கூடும், சட்டை பொருந்தும், ஆட்கள் ஒத்துப்போவார்கள், பேரம் படியும், திட்டம் கைகூடும். ஒவ்வொன்றும் வேறு வேறு காட்சி. இத்தனையும் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் புழங்கினால், அடுத்த தலைமுறைக்கு ‘பேரம் படியல’ என்பது புரியாத வாக்கியமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய்வந்த என் அக்கா மகள் வேலையை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டால் “செட் ஆகல மாமா.” சம்பளம் போதவில்லையா, தூரமா, மேலே இருக்கிறவர் மட்டு மரியாதை இல்லாமல் பேசினாரா? கடைசியில் சொன்னது சரிசெய்யக்கூடியதே இல்லை, விட்டது நல்லதுதான். ஆனால் ஆரம்பத்திலேயே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் வீட்டில் நாலு பேர் கூட நின்றிருப்போம்.

காரணம் சொல்லப் பிடிக்காத இடங்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. பேசி முடிக்க இருந்த கல்யாணம் நின்றுபோனால், விசாரிக்கிற ஊருக்கெல்லாம் விவரம் சொல்ல வேண்டிய அவசியம் கிடையாது. ‘செட் ஆகல’ என்று மூடிவிடலாம். அங்கே அந்தச் சொல் மானத்தைக் காக்கிறது. ஆனால் ‘பொண்ணு செட் பண்ணிட்டான்’ என்கிறார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இரண்டு பேர் விரும்பிப் பழகுவதை, ஒருவன் மட்டும் செய்து முடித்த வேலையாக அந்தப் பேச்சு மாற்றிவிடுகிறது. பழைய ‘மடக்கிட்டான்’ மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். அதுவும் வேண்டாம்.

கடைப் பையன்களுக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது மாத்திரை செட் ஆகல என்று வந்தால், வேறு அட்டையை எடுக்கக் கை நீட்டாதே. “ஒத்துக்கலியா, கேக்கலியா?” என்று முதலில் கேள். கேக்கல என்றால் எத்தனை நாள் சாப்பிட்டார், வேளை தவறினாரா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று விசாரி. ஒத்துக்கல என்றால் என்ன செய்தது என்று சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டோடு டாக்டரிடம் அனுப்பு.