பாம்பன் பாலத்தில் போனவர்கள்

2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து, அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் காணொளியைப் பகிராதவர்களே இல்லை. 72.5 மீட்டர் நீள இரும்புத் தூலம் 17 மீட்டர் உயரத்துக்கு ஏறி, கப்பலுக்கு வழிவிடுகிறது. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் பாம்பனைப் பற்றிய நம் பேச்சு எப்போதும் இரும்போடும் பொறியியலோடும் நின்றுவிடுகிறது. அந்தத் தண்டவாளத்தில் போனவர்கள் யார் என்று நாம் கேட்பதே இல்லை.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாலம் இராமேசுவரம் பக்தர்களுக்காக மட்டும் கட்டப்பட்டதல்ல. அதன் இலக்கு கொழும்பு. எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலேறிக் கொழும்பு. போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

வசதியுள்ளவர்கள் அதில் முதல் வகுப்பில் போனார்கள். திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து ஏழைகள் கூலிக்கு ஆள் சேர்த்த கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் கடல் தாண்ட விட்டார்கள். அங்கே ரயில் நிலையத்துக்கு இன்றும் மண்டபம் முகாம் என்றே பெயர்.

பிறகு வந்தது 1964. அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதைச் சீர்செய்ததை எல்லோரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். சீர்செய்த அந்தப் பாலத்தின் வழியாகத்தான் ஒப்பந்தத்தில் அகப்பட்ட குடும்பங்கள் வந்தன என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அரசு அவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தது. பெரும்பாலோர் பிறந்ததே இலங்கையின் மலையகத்தில். தாத்தா ஊர் என்று கேள்விப்பட்டிருந்த நாட்டை அவர்கள் முதன்முதலாகப் பார்த்தது இராமேசுவரத்தில் கப்பலிலிருந்து இறங்கி, இந்தப் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோதுதான். என்ன நினைத்திருப்பார்கள்? கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை பறிக்கப் போனவர்களை உள்ளூர் 'சிலோன்காரர்கள்' என்றது. அங்கே இந்தியாக்காரர்கள், இங்கே சிலோன்காரர்கள். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு: அண்ணன் இங்கே வர, தங்கை அங்கேயே நின்றுவிட, இரண்டாகப் பிரிந்த வீடுகள் ஏராளம்.

எண்பதுகளில் இலங்கையில் போர் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றது. அதன் பிறகு மண்டபம் முகாம் அகதிகளால் நிறைந்தது.

புதிய பாலத்துக்குச் செலவழித்த அரசு, மண்டபத்தில் இந்த மக்களுக்காக ஓர் அருங்காட்சியகம் கட்டட்டும். அன்று பிள்ளைகளாக வந்தவர்களில் பலருக்கே இன்று அறுபது வயது தாண்டிவிட்டது; அவர்கள் நினைவுகளை இப்போதே பதிவு செய்ய வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட முடிந்தபோது, தலைமன்னாருக்கு விட ஏன் இத்தனை தயக்கம்? தங்கையைப் பார்க்க வழியில்லாமல் கூடலூரில் இருக்கும் ஒரு முதியவருக்கு, பாலம் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதைவிட அந்தக் கப்பல் எப்போது புறப்படும் என்பதுதான் முக்கியம்.