வாய் மூடிய பிறகு வரும் வசனம்

கதவு அடைபடுகிறது, அப்புறம்தான் 'டமார்' என்று சத்தம் வருகிறது. ஆள் பேசி முடித்து வாயையும் மூடியாகிவிட்டது, கடைசிச் சொல் இன்னும் ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. மூன்று வாரம் இதே கதைதான். இரண்டாவது நாளே அம்மா, "ஏன்டா, இது டப்பிங் படமா?" என்று கேட்டுவிட்டார். ஐந்து ஸ்பீக்கர், அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர், எல்லாவற்றுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு ரிசீவர், சுவரோரமாக ஒயர் இழுத்து, மைக் வைத்து ஒவ்வொன்றையும் அளந்து செட் பண்ணின ஹோம் தியேட்டரில் வசனமும் உதடும் ஒட்டவில்லை என்றால் வயிறு எரியாதா?

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "ரிசீவர் செட்டிங்ஸ்ல ஆடியோ டிலே இருக்கும், அதை மாத்திப் பாருங்க." மாற்றிப் பார்த்தாச்சு ஐயா! அது 0-இல் தொடங்கி மேலே மட்டும்தான் போகிறது. டிலே என்றால் தாமதப்படுத்துவது. என் சத்தமே தாமதமாகத்தான் வருகிறது, அதை இன்னும் தாமதப்படுத்தி நான் என்ன செய்ய? மைனஸில் போகாது, போகவும் முடியாது, ஏனென்றால் இன்னும் கைக்கு வந்து சேராத சத்தத்தை எந்த ரிசீவராலும் முன்கூட்டியே ஒலிக்க முடியாது. படம் பிந்தும்போது சத்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்க மட்டும்தான் அந்த மெனு. இதை ஒரே ஒரு வரியாக மேனுவலில் எழுதியிருந்தால் எத்தனை பேருடைய ராத்திரி மிஞ்சியிருக்கும்! ஆனால் அதில் இருப்பது, 'படமும் ஒலியும் பொருந்தாவிட்டால் இதைச் சரிசெய்யவும்'. எந்தப் பக்கம் பொருந்தாவிட்டால்? அதைச் சொல்ல வேண்டாமா?

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். "ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க சார்." பண்ணினேன். தாமதம் இம்மிகூடக் குறையவில்லை, ஆனால் மைக் வைத்து எடுத்த அளவெல்லாம் போய்விட்டது: ஸ்பீக்கர் தூரம், லெவல், கிராஸ்ஓவர், எல்லாம். மறுபடி கூப்பிட்டால், "எச்டிஎம்ஐ கேபிளை மாத்துங்க." கேபிளா? இரண்டு மீட்டர் கேபிளைக் கடக்க சிக்னலுக்கு ஆகிற நேரம் ஒரு நொடியில் பத்து கோடியில் ஒரு பங்கு. கேபிள் கெட்டால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளி புள்ளியாகத் தெரியும், திரை கருப்பாகும். சத்தம் மட்டும் அழகாக, ஒரே அளவில் பிந்தி வராது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அடுத்தவன் ஒரு சாயங்காலத்தை அதில் தொலைக்காமல் இருப்பான்.

சரி, நானே அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். திரையில் வெள்ளை மின்னல் அடிக்கும்போது 'பீப்' என்று சத்தம் வரும் சோதனை வீடியோ ஒன்றைப் போட்டு, டிவியும் ஸ்பீக்கரும் ஒன்றாகத் தெரிய போனில் நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து, எடிட்டிங் ஆப்பில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். மின்னல் ஒரு ஃபிரேமில், பீப்பின் ஒலி அலைக் கோடு எகிறுவது அதற்கு ஒன்பது ஃபிரேம் தள்ளி. ஒரு ஃபிரேம் 16.7 மில்லி செகண்ட், ஆக மொத்தம் 150. ஒலி எவ்வளவு பிந்தினால் மனிதர் கண்டுபிடிப்பார் என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-லேயே எழுதி வைத்திருக்கிறது: சத்தம் முந்தினால் 45 மில்லி செகண்டில், பிந்தினால் 125-இல். பிந்துவதை நாம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறோம், இயற்கையிலும் தூரத்து சத்தம் பிந்தித்தானே வருகிறது. என் வீட்டில் அந்தப் பொறுமையின் எல்லையையும் தாண்டிவிட்டது.

காரணம் ரிசீவரில் இல்லவே இல்லை. ஸ்ட்ரீமிங் ஸ்டிக் டிவியில் செருகியிருந்தது. அதன் சத்தம் டிவிக்குள் போய், டிவி அதைப் பிரித்து, மறுபடி டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய வடிவில் கட்டி, ஏஆர்சி வழியாக (டிவியின் சத்தத்தை அதே எச்டிஎம்ஐ கேபிளில் திருப்பி அனுப்பும் வழி) ரிசீவருக்கு அனுப்ப, ரிசீவர் அதைத் திரும்பவும் பிரித்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறது. டால்பி டிஜிட்டலில் ஒரு கட்டு என்பது 1536 சாம்பிள், அதாவது 32 மில்லி செகண்ட் சத்தம். அவ்வளவும் சேர்ந்தால்தான் ஒரு கட்டே கட்ட முடியும், கட்டுகிற வேலை, பிரிக்கிற வேலை எல்லாம் அதற்கு மேல். இது போதாதென்று தம்பி விளையாடிவிட்டு டிவியை கேம் மோடிலேயே விட்டிருந்தான். அவன் மேல் தப்பில்லை, அந்த மோடு படத்தை மெருகேற்றும் வேலைகளை நிறுத்திவிட்டு உடனே காட்டிவிடும் என்று டிவி எங்கேயும் சொல்லவில்லை. படம் ஓடி வந்துவிடுகிறது, சத்தம் சுற்று வழியில் நடந்து வருகிறது. கேம் மோடை அணைத்ததுமே ஒன்பது ஃபிரேம் ஐந்தானது. டிவியின் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்முக்கு, அதாவது சுருக்கிக் கட்டாத ஒலிக்கு, மாற்றினேன், இரண்டானது, ஆனால் பின்னால் இருக்கிற ஸ்பீக்கர் இரண்டும் ஊமையாகிவிட்டன. பழைய ஏஆர்சியில் பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், டிவி, ரிசீவர் இரண்டின் பெட்டியிலும் 'ஆட்டோ லிப் சிங்க்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதுதான். எச்டிஎம்ஐ 1.3 வந்தது 2006-இல், அப்போதிருந்தே இந்த வசதி உண்டு. அது என்ன செய்கிறது? இணைக்கும்போது டிவி 'என் படம் இத்தனை மில்லி செகண்ட் பிந்தும்' என்று ஒரு எண்ணைச் சொல்லும், ரிசீவர் அந்த அளவுக்கு சத்தத்தை நிறுத்தி வைக்கும். பிக்சர் மோடை மாற்றினால் நிஜத் தாமதம் மாறும், அந்த எண் பாட்டுக்கு அப்படியே இருக்கும். அதுவும் படம் பிந்துவதற்கு மட்டும்தான் மருந்து, சத்தம் பிந்தினால் இதுவும் கைவிரித்துவிடும். ஆட்டோ என்று பெயர் வைத்து விற்கிறீர்களே, மனசாட்சி உறுத்தவில்லையா?

கடைசியில் ஸ்டிக்கைப் பிடுங்கி நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ இன்புட்டில் செருகினேன். இப்போது சத்தம் முதலில் ரிசீவருக்கே வருகிறது, படம் மட்டும் டிவிக்குப் போகிறது. மறுபடி அளந்தால் சத்தம் நான்கு ஃபிரேம் முந்துகிறது! முந்தினால் கவலையில்லை, இப்போதுதான் அந்த டிலே மெனுவுக்கு வேலை வந்தது. 65 என்று வைத்தேன், உதடும் சொல்லும் ஒட்டிக்கொண்டன. டிவியிலேயே இருக்கிற ஆப்களுக்கு ஆடியோ அவுட்புட்டை, சத்தத்தைப் பிரித்துக் கட்டாமல் அப்படியே அனுப்பும் 'பாஸ்த்ரூ'வில் போட்டேன். அதே மெனுவில் இன்னும் கீழே 'டிஜிட்டல் அவுட்புட் டிலே' என்று ஒன்று, யாரும் தொடாமலேயே 40-இல் உட்கார்ந்திருந்தது, அதையும் 0 ஆக்கினேன். உங்களுக்கும் சத்தம் பிந்தினால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள், ரிசீவரைத் தொடவே தொடாதீர்கள்.

இதற்கு மூன்று வாரம். மெனுவைத் திறந்தால் 'சத்தம் முந்தினால் மட்டும் இதைக் கூட்டவும்' என்று நாலு சொல் காட்டியிருந்தால் முதல் நாளே வேறு பக்கம் தேடியிருப்பேன். ரீசெட்டில் போன அளவுகள் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. சப்வூஃபர் தூரம் ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் வேறு வேறாக வருகிறது, இன்று ராத்திரி வீடு அடங்கியதும் மறுபடி மைக்கை நட்டு உட்கார வேண்டும்.