மருந்துக் கொப்பியும் சம்பளச் சீட்டும்

பெப்ரவரி பிறந்தால் கொழும்பில் பொரளை கனத்தை மயானப் பக்கத்துப் பூக்கடைகளில் ரோஜா விலை ஏறிவிடும். அதில் பூ வெட்டிய பெண்ணின் நாட்கூலிக்கு எவ்வளவு சேர்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அவள் பூ வளர்க்கும் பொலித்தீன் கூடாரத்துக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தாள், மருந்து எத்தனை மணிக்கு அடித்தார்கள்?

ரோஜாவும் கார்னேஷனும் சாப்பிடும் பயிர் இல்லை. மரக்கறியில் மருந்து எவ்வளவு மிஞ்சலாம் என்று வரம்பு வைப்பதுபோல் பூவுக்கு யாரும் வைப்பதில்லை. இதழில் ஒரு புள்ளி விழுந்தாலும் பூ கழிவுதான் என்பதால் பூஞ்சணத்துக்கும் சிற்றுண்ணிக்கும் அடிக்கடி மருந்து விழுகிறது. நுவரெலியா, வெலிமடைப் பக்கக் குளிரில் இரவு கூடாரத்தை மூடிவைத்தால் ஆவி வெளியேறாது. விடியற்காலையில் இலையில் படியும் ஈரம், காய்ந்த மருந்தை மறுபடி கரைத்துவிடும். அந்த நேரத்தில்தான் அறுவடை தொடங்குகிறது. முழங்கை வரை இலைக்குள் கைவிட்டு வெட்டும்போது முள் கீறிய தோல் வழியே மருந்து உள்ளே போகிறது. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. தோல் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கையிலேயே பூசும். தேவை முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை. மருந்தடிப்பவருக்கு வடிகட்டி மாற்றக்கூடிய கவசம். உள்ளே மணம் வந்தால் உடனே வெளியே வந்து வடிகட்டியை மாற்ற வேண்டும். அவர் போட்ட உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் உடுப்போடு ஊறவைக்கவே கூடாது. தோட்டத்திலேயே தனியாகத் துவைக்க வசதி செய்து தருவது முதலாளியின் பொறுப்பு.

இதற்கெல்லாம் அடிப்படை, கூடார வாசலில் தொங்கவேண்டிய ஒரு கொப்பி. எந்த மருந்து, எவ்வளவு, அடித்து முடித்த நேரம், திரும்ப உள்ளே போகலாம் என்ற நேரம். லேபிளில் உள்ள மீள்நுழைவு நேரமே குறைந்தபட்சம். சில மருந்துக்கு 12 மணித்தியாலம், சிலதுக்கு 24. மருந்தை வேறு போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் லேபிளும் போச்சு, அந்த நேரமும் போச்சு. கொப்பி தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். பூ வெட்டுபவர் வாசித்துவிட்டு “இப்போ போகமாட்டேன்” என்று சொன்னால் அன்றைய கூலியில் கை வைக்கக்கூடாது. கூலி வெட்டுவார்கள் என்ற பயம் இருந்தால் கொப்பி வெறும் கடதாசிதான்.

இரண்டாவது தாள் சம்பளச் சீட்டு. “காசுவல் ஆள், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை” என்பது சட்டத்தில் இல்லாத பேச்சு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் நாட்கூலிக்காரரையும் துண்டுக்கூலிக்காரரையும் முதல் நாளிலிருந்தே உள்ளடக்குகிறது. மாதச் சம்பாத்தியம் 30,000 ரூபாய் என்று வையுங்கள்: தொழிலாளியிடம் 8 வீதம், 2,400. முதலாளி 12 வீதம், 3,600. ஈ.டி.எஃப். எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் முதலாளியே 3 வீதம், 900. முதலாளியின் இந்த இரண்டு பங்கையும் தொழிலாளியின் கையிலிருந்து பிடிக்கவே கூடாது. சீட்டில் அங்கத்துவ இலக்கம் இல்லையென்றால் பிடித்த காசு எங்கே போகிறது என்று அன்றே கேளுங்கள்.

மேன்பவர் ஏஜென்சி வழியாக ஆள் எடுப்பது இன்னொரு ஓட்டை. ஏஜென்சியை மாற்றும்போதெல்லாம் சேவைக்காலம் பூச்சியத்திலிருந்து தொடங்குவதாகக் காட்டுகிறார்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் 5 வருடம் முடித்த நாட்கூலிக்காரருக்கு, வருடம் ஒன்றுக்கு 14 நாள் கூலி வீதம் பணிக்கொடை உண்டு. அது இப்படித்தான் கரைகிறது. சம்பளச் சீட்டுகளைப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். தொழில் திணைக்களத்தில் பேசும்போது கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

சங்கம் பதிய ஏழு பேர் போதும். தேயிலைத் தோட்டத்தில் சங்கம் இருக்கிறது. அதே லயத்திலிருந்து வேனில் ஏறிப் பூத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணை அந்தச் சங்கங்கள் தங்கள் ஆளாக எண்ணவேண்டும்.

கொழும்பில் கலியாண மேடை அலங்கரிப்பவர்களிடமும் ஹோட்டல்காரரிடமும் ஒரு வார்த்தை. 1998இல் தொழிற்சங்கங்களும் தன்னார்வ அமைப்புகளும் வெட்டுமலர்களுக்காக ஒரு சர்வதேச நடத்தைக் கோவை வகுத்தபோது, பூ வாங்கும் கையின் பலத்தை நம்பியே வகுத்தார்கள். அந்தப் பலம் உங்களிடமும் உண்டு. அடுத்த ஓடருக்கு முன், கடந்த மாத மருந்துக் கொப்பியின் ஒரு பக்கமும், பெயர் மறைத்த ஒரு சம்பளச் சீட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக நடக்கும் தோட்டத்துக்கு அது ஐந்து நிமிட வேலை.