முதல் இரவு சர்ச்சுவில் வேண்டாம்

மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்கு பைக்கில் போகும்போது முதல் இரவு வழியிலுள்ள சர்ச்சுவில் தங்கலாம் என்கிறது ஒரு பயணக் கட்டுரை. அது தவறு. சர்ச்சு சுமார் 4,300 மீட்டர் உயரம், மணாலி 2,000தான். ஒரே நாளில் அவ்வளவு ஏறினால் தலைவலி, வாந்தி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சர்ச்சுவுக்கு முன்னால் வரும் ஜிஸ்பாவில் (சுமார் 3,200 மீட்டர்) தங்கி, விடியற்காலை கிளம்புங்கள். பனி உருகி ஓடைகளில் மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும்.

ஜிஸ்பாவுக்கு முன்னால் வரும் டாண்டி பெட்ரோல் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்ற பலகை பிரபலம். ஏற்றத்தில் லிட்டருக்கு 25 கி.மீ. என்று கணக்கிட்டால் 15 லிட்டர் வேண்டும். 13 லிட்டர் டேங்க் என்றால் 5 லிட்டர் கேன் கட்டாயம். கார்புரேட்டர் வண்டி மேலே இழுக்காது: காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், சின்ன மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையுள்ள பாகம்) ஒன்றும் இருக்கட்டும். உதிரி கிளட்ச் கேபிளை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது.